கேட்கத் தெரிந்த பிள்ளை
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே பேசுவதற்குப் பெரிய விடயங்கள் எத்தனையோ இருக்கின்றன. பெண் கல்வியின் வரலாறு இருக்கிறது. போரும் இடப்பெயர்வும் கண்ட எங்கள் வகுப்பறைகளின் கதை இருக்கிறது. அவற்றை என்னிலும் தகுதியானவர்கள் இந்த மேடையிலே பேசுவார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய விடயம். ஆங்கிலத்திலே ஒருவரிடம் தண்ணீர் கேட்பது எப்படி? யன்னலைத் திறந்துவிடச் சொல்வது எப்படி? விளங்காததைத் திருப்பிச் சொல்லச் சொல்லி ஒரு வைத்தியரைக் கேட்பது எப்படி? இவ்வளவுதான்.

இது ஒரு விடயமா என்று சிலர் நினைக்கலாம். ஆங்கிலம் கற்பித்தே ஓய்வுபெற்றவள் என்ற முறையிலே சொல்கிறேன், இதுதான் விடயம். எங்கள் பிள்ளைகள் கட்டுரை எழுதுவார்கள். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றுவார்கள். க.பொ.த. சாதாரண தரத்திலே ஆங்கிலத்துக்கு ஏ சித்தி எடுப்பார்கள். அதே பிள்ளையைக் கொழும்பிலே ஒரு நேர்முகப் பரீட்சைக்கு அனுப்பினால், “பிளீஸ் சிற் டவுன்” என்று சொன்னதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்கும். எழுத்துப் பரீட்சைக்காகவே நாங்கள் மொழியைக் கற்பித்திருக்கிறோம். வாய்க்குக் கற்பிக்கவில்லை.

ஆங்கிலம் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 1816இலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823இலே வட்டுக்கோட்டைச் செமினறியும், 1824இலே உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் தொடங்கின. இருநூறு வருடங்களாக ஆங்கிலம் எங்களோடு இருக்கிறது. ஆனால் எல்லாருக்குமாக இருக்கவில்லை. கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கே அது கிடைத்தது. 1945இலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழியிலே படிக்கும் வழி திறந்தது. கிராமத்துப் பெண்பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போனார்கள். அது பெரும் பேறு. ஆனால் ஆங்கிலம் அதன்பின் ஒரு பாடமாக மட்டும் ஒடுங்கியது. 1987இலே அரசியலமைப்புக்கான பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று எழுதியது. எழுதியது சட்டம். இணைப்பது வாய் அல்லவா? வாய் திறக்காமல் எதை இணைப்பது?

வாய் ஏன் திறக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் பயம். சிங்கள மாணவர்கள் பல்கலைக்கழகங்களிலே ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்: “கடுவ”. வாள் என்று பொருள். பேராதனையில் கற்பித்த திரு கந்தையா 1984இலே அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுகிற வாள் அது. யாழ்ப்பாணத்திலே அப்படி ஒரு சொல் இல்லாவிட்டாலும் வெட்டு இருந்தது. பிழையாகப் பேசிய பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரிப்பது, வீட்டிலே பெரியவர்கள் உச்சரிப்பைப் பகிடி பண்ணுவது, இவையெல்லாம் சிறிய வெட்டுகள். நாலு தரம் வெட்டு வாங்கிய பிள்ளை ஐந்தாம் தரம் வாயை மூடிக்கொள்ளும்.

இன்னொரு காரணம் பாடப்புத்தகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இலே வெளிவந்த தமது நூலிலே, தம்முடைய மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களிலே கீறியும் எழுதியும் வைத்த குறிப்புகளை ஆராய்ந்திருக்கிறார். அந்தப் புத்தகத்து மனிதர்கள் வேறு ஊரிலே, வேறு கவலைகளோடு வாழ்ந்தார்கள். பிள்ளைகளின் மனம் புத்தகத்தின் நடுவிலே இருக்கவில்லை, ஓரத்திலே இருந்தது. நான் இன்று சொல்லப்போவது ஓரத்திலே இருப்பதை நடுவுக்குக் கொண்டுவருகிற ஒரு வழி. அதாவது, எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த மரியாதையிலிருந்து ஆங்கில மரியாதைக்குப் போவது.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் சில வேளைகளில் எங்களவர்களை “முரட்டுத்தனமாகக் கேட்கிறார்கள்” என்று நினைப்பதுண்டு. “கிவ் மீ வோட்டர்” என்று எங்கள் பிள்ளை கேட்டால் அங்கே முகம் சுருங்கும். எங்கள் பிள்ளை முரடா? இல்லை. அது “தண்ணி தாங்கோ” என்பதைத்தான் ஆங்கிலத்திலே சொன்னது. தமிழிலே அந்த “ங்கோ” என்ற விகுதிக்குள்ளே மரியாதை முழுவதும் அடங்கிவிடுகிறது. “தா” வேறு, “தாரும்” வேறு, “தாங்கோ” வேறு. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள். ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த மூன்று படியும் உடைந்து “கிவ்” என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது. மரியாதை வழியிலே கொட்டுண்டு போகிறது. பிள்ளைக்கு அது கொட்டுண்டது தெரியாது, கேட்பவருக்கோ அது இருந்ததே தெரியாது.

ஒரு காலத்திலே ஆங்கிலத்திலும் இரண்டு படிகள் இருந்தன. “தௌ” என்பது ஒருமை. “யூ” என்பது பன்மையும் மரியாதையும். பழைய வேதாகம மொழிபெயர்ப்பை வாசித்தவர்களுக்கு “தௌ” பழக்கமானது. காலப்போக்கிலே “தௌ” பேச்சிலிருந்து மறைந்து, எல்லாருக்கும் “யூ” என்றாகிவிட்டது. அரசிக்கும் “யூ”, வீட்டு நாய்க்கும் “யூ”. எல்லாருக்கும் பொதுவாகிவிட்டதால் அந்தச் சொல்லாலே தனியாக மரியாதை காட்ட முடியாது. ஆகவே ஆங்கிலம் மரியாதையை வேறிடத்திலே வைத்தது. அது எங்கே என்று பிள்ளைக்குக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது இடம், கட்டளையைக் கேள்வியாக்குவது. “ஓப்பின் த வின்டோ” என்பது கட்டளை. “கான் யூ ஓப்பின் த வின்டோ, பிளீஸ்?” என்பது கேள்வி. இது எங்களுக்குப் புதிதா? “யன்னலை ஒருக்காத் திறந்துவிடுவீங்களோ?” என்று நாங்களும் கேட்கிறோமே. கேள்வியாகக் கேட்டால் மறுப்பதற்கு அவருக்கு ஓர் இடம் விடுகிறோம். இடம் விடுவதுதான் மரியாதை.

இரண்டாவது இடம், இறந்தகாலம். “கான்” என்பதன் இறந்தகால வடிவம் “குட்”. “வில்” என்பதன் இறந்தகால வடிவம் “வுட்”. “குட் யூ ஹெல்ப் மீ?” என்னும்போது நேற்றைய உதவியை யாரும் கேட்கவில்லை, இப்போதைய உதவியைத்தான் கேட்கிறோம். பிறகேன் இறந்தகாலம்? காலத்தால் ஓர் அடி பின்வாங்கி நின்று கேட்பதுபோல. பிள்ளைகளுக்கு இது விளங்காது என்று நினைக்காதீர்கள். அயல்வீட்டுக்குப் போய் நாங்கள் எப்படிக் கேட்கிறோம்? “அக்கா, ஒரு உதவி கேக்கலாமெண்டு வந்தனான்” என்கிறோம். வாசலிலே நின்றுகொண்டே “வந்தனான்” என்கிறோம். “ஐ வோஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ” என்று ஆங்கிலேயர் நீட்டி முழக்குவதும் இதே வாசலிலே நின்றுதான். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தபோது வகுப்பறையிலே பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இலக்கண விதியாக இருந்தது அப்போது அயல்வீட்டு வாசலாகிவிடுகிறது.

மூன்றாவது இடம், சிறிதாக்கிக் கேட்பது. நாங்கள் “கொஞ்சம்” என்போம், “ஒருக்கா” என்போம். “கொஞ்சம் தள்ளி இருங்கோ” என்றால் எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிற காரியத்தைச் சிறிதாக்கிக் காட்டுகிறோம், அவ்வளவுதான். ஆங்கிலத்திலே “ஜஸ்ற்”, “எ பிற்”, “ஃபோர் எ மொமென்ற்” என்பவை இதே வேலையைச் செய்கின்றன. “குட் யூ மூவ் எ பிற், பிளீஸ்?” என்பது “கொஞ்சம் தள்ளி இருப்பீங்களோ?” என்பதன் உடன்பிறப்பு.

நான்காவது இடம், “பிளீஸ்”. “உமக்கு விருப்பமானால்” என்று நீளமாக இருந்தது தேய்ந்து இந்த ஒரு சொல்லாகி நிற்கிறது. தமிழிலே “தயவுசெய்து” என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் வீட்டிலே யார் “தயவுசெய்து சோறு போடுங்கோ” என்கிறார்கள்? தமிழிலே அது அறிவித்தல் பலகைச் சொல். ஆங்கிலத்திலோ அது அடுப்படிச் சொல். தாய் பிள்ளையிடமும், பிள்ளை தாயிடமும் நாளுக்குப் பத்துத் தரம் சொல்வது. ஆகவே “பிளீஸ்” சொல்வது கெஞ்சுவது அல்ல என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: “பிளீஸ்” போட்டுவிட்டால் மட்டும் கட்டளை வேண்டுகோளாகிவிடாது. “பிளீஸ் கிவ் மீ த ஃபோர்ம்” என்பதிலே கட்டளை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. “குட் ஐ ஹாவ் த ஃபோர்ம், பிளீஸ்?” என்றால் அது கரைந்துவிடும். “நீ தா” என்பது “நான் பெறலாமா” என்று மாறிவிடுகிறது.

நான் சொல்வதெல்லாம் எங்கள் ஊருக்கு மட்டும் உரிய அவதானிப்பு அல்ல. பெனலோப்பி பிறவுண், ஸ்ரீபன் லெவின்சன் என்ற இரு அறிஞர்கள் மரியாதைப் பேச்சைப் பற்றிய தங்கள் ஆய்வை 1978இலே வெளியிட்டார்கள். 1987இலே அது தனி நூலாக வந்தது. உலகமெங்கும் இந்தத் துறையிலே படிக்கிறவர்கள் முதலிலே கையிலெடுக்கும் நூல் அது. அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த மூன்று மொழிகளிலே ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவின் செல்ற்றால் மொழி. மூன்றாவது தமிழ்நாட்டிலே கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றின் தமிழ். அவர்களுடைய கோட்பாட்டின் மையச் சொல் “முகம்”. ஒவ்வொரு மனிதருக்கும் காப்பாற்றிக்கொள்ள ஒரு முகம் இருக்கிறது. ஒன்றைக் கேட்கும்போது அந்த முகத்தைக் கொஞ்சம் நெருக்குகிறோம். அந்த நெருக்கத்தை மென்மையாக்குவதே மரியாதைப் பேச்சு. முகம் கோணாமல் கேள் என்றும், முகத்தை முறிக்காதே என்றும் எங்கள் ஆச்சிமார் சொல்லித்தந்தது இதைத்தான். திருக்குறளிலே இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. மரியாதையை நாங்கள் ஆங்கிலத்திடம் கடன் வாங்கத் தேவையில்லை. அது எங்கள் கையிலே இருக்கிறது. ஆங்கிலத்திலே அதை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்பதைத்தான் கற்க வேண்டும்.

இனி, கேட்டபின் வருகிற பதில். இங்கேதான் சிரிப்புக்கும் சில வேளை ஆபத்துக்கும் இடமிருக்கிறது. “டூ யூ மைன்ட் இஃப் ஐ சிற் ஹியர்?” என்று பஸ்ஸிலே ஒருவர் கேட்கிறார். எங்கள் பிள்ளை அன்போடு “யெஸ், யெஸ்” என்கிறது. வந்தவர் வேறு இடம் தேடிப் போகிறார். “இருந்தால் உங்களுக்கு இடைஞ்சலோ?” என்று அவர் கேட்டார், “ஓம், இடைஞ்சல்தான்” என்று இவள் சொல்லிவிட்டாள். “நொட் அற் ஓல்” என்று சொல்லியிருக்க வேண்டும்.

இது வெறும் பகிடி அல்ல. எதிர்மறைக் கேள்விக்குத் தமிழ் பதில் சொல்லும் முறையும் ஆங்கிலம் பதில் சொல்லும் முறையும் நேர் எதிரானவை. “நீங்கள் நாளைக்கு வரேல்லையோ?” என்றால், “ஓம், வரேல்லை” என்கிறோம். நீங்கள் சொன்னது சரி என்பதற்கு அந்த “ஓம்”. ஆங்கிலத்திலே அந்த இடத்தில் “நோ, ஐ அம் நொட்” என்றே வர வேண்டும். இப்போது ஒரு ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். “யூ டோன்ட் ஹாவ் எனி அலர்ஜீஸ், டூ யூ?” என்று தாதி கேட்கிறார். உங்களுக்கு எந்த மருந்தும் ஒவ்வாமல் இல்லையே என்பது கேள்வி. எங்கள் அம்மா “யெஸ்” என்கிறார். இல்லை என்ற அர்த்தத்திலே சொன்னது, இருக்கிறது என்று பதியப்படுகிறது. மறுபக்கமும் நடக்கலாம்: உண்மையிலே ஒவ்வாமை உள்ளவர் “நோ” என்று சொல்லிவிட, இல்லை என்று பதியப்படலாம். ஆகவே நான் என் மாணவிகளுக்குச் சொல்வது: வெறும் “யெஸ்”, வெறும் “நோ” என்று விடாதீர்கள். முழு வசனமாகச் சொல்லுங்கள். “ஐ ஹாவ் நோ அலர்ஜீஸ்” என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. தலையாட்டலையும் நம்பாதீர்கள். எங்கள் “ஓம்” என்ற தலையசைப்பு பிறருக்கு “இல்லை” என்பதுபோலத் தெரியும். வாயாலே சொல்லுங்கள்.

வைத்தியரைப் பற்றிப் பேசும்போது, வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் எங்கள் மூத்த சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் மரியாதை சில இடங்களில் எங்களுக்கே பகையாகிறது. வைத்தியர் “ஹவ் ஆர் யூ?” என்று கேட்டால், “ஃபைன், தாங்க் யூ” என்கிறோம். தெருவிலே கேட்டால் அது சரியான பதில். அங்கே அது வெறும் வணக்கம். வைத்தியரின் அறையிலே அதே பதிலைச் சொல்லிவிட்டு, மூன்று கிழமையாக இருக்கிற நெஞ்சுநோவைச் சொல்லாமல் வந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்? வைத்தியருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்கிற நல்ல மனம்தான். ஆனால் அவர் கரைச்சல்பட்டே ஆக வேண்டியவர்.

அந்த அறைக்குள் போகிறவர் நான்கு வசனங்களைக் கைவசம் வைத்திருந்தால் போதும். “ஐ ஹாவ் எ பெயின் ஹியர்” என்று இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். “குட் யூ ஸே தற் அகெய்ன், பிளீஸ்?” திருப்பிச் சொல்வீங்களோ. “குட் யூ றைற் இற் டவுன் ஃபோர் மீ, பிளீஸ்?” எழுதித் தருவீங்களோ. “ஐ நீட் அ தமிழ் இன்ரர்பிறிற்றர், பிளீஸ்.” எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். இந்தக் கடைசி வசனத்திலே “குட்” இல்லை, “வுட்” இல்லை என்பதைக் கவனியுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. அது தேவை, தேவையை நேராகச் சொல்லலாம். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையிலே மொழிபெயர்ப்பாளருக்காக நோயாளி காசு கட்ட வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவிலே தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் தேசிய சேவையொன்று இருக்கிறது. பேரப்பிள்ளையைக் கூட்டிப் போய் அதன் வாயாலே தன் அந்தரங்க நோயைச் சொல்ல வைக்கும் நிலை எந்த அம்மம்மாவுக்கும் வேண்டாம்.

அதே முறையிலே இங்கிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. இந்த நாட்டிலே அரச அலுவலகத்திலே தமிழிலே கேட்பது உங்கள் உரிமை. ஆங்கிலம் தெரிந்திருப்பது அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதற்காக அல்ல. இரண்டையும் வைத்திருங்கள்.

தொலைபேசிக்கு வருவோம். தமிழிலே “ஆர் கதைக்கிறது?” என்று கேட்பது சாதாரணம். அதிலே “நீ”யும் இல்லை, “நீங்கள்”உம் இல்லை; அழகாகத் தப்பிக்கொள்கிறோம். அதை “ஹூ ஆர் யூ?” என்று ஆக்கினால் காவலாளி அதட்டுவதுபோல் இருக்கும். “மே ஐ நோ ஹூஸ் கோலிங், பிளீஸ்?” என்று கேட்க வேண்டும். உங்களையே ஒருவர் தேடினால் “ஸ்பீக்கிங்” என்ற ஒரு சொல் போதும். “வெயிற்” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்; “ஹோல்ட் ஒன், பிளீஸ்” என்று சொல்லுங்கள். வங்கியிலோ, விமான நிறுவனத்திலோ வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இந்த மூன்று வசனமும் முதல் நாளிலேயே தேவைப்படும்.

மறுப்பதற்கும் மொழி வேண்டும். நாங்கள் “பாப்பம்” என்போம். அது பெரும்பாலும் “இல்லை” என்பதுதான்; கேட்டவருக்கும் அது தெரியும். ஆனால் “வீ வில் ஸீ” என்று ஆங்கிலத்திலே சொன்னால், அவர் உண்மையாகவே பார்த்துக்கொண்டிருப்பார். ஆங்கிலத்திலே “ஐ அம் அஃப்ரெய்ட் ஐ கான்ற்” என்று மறுப்பார்கள். பயப்படுகிறேன் என்று அர்த்தமல்ல; “கோவியாதையுங்கோ, ஏலாமல் இருக்கு” என்பதற்குச் சமம். பெண்பிள்ளைகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு. இனிமையாகக் கேட்கத் தெரிந்த பிள்ளை இனிமையாக மறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இனிமையாகச் சொன்ன மறுப்பை ஒருவர் ஏற்காவிட்டால், அடுத்ததாக வெறும் “நோ” என்றே சொல்லலாம். அந்த இடத்திலே மரியாதையை மீறியவர் அவர், நீங்கள் அல்ல.

அன்றாட உரையாடலிலே ஊர்ப் பழக்கம் குறுக்கே வரும் இடங்களும் உண்டு. “எங்கை போறியள்?”, “சாப்பிட்டாச்சோ?” என்பவை எங்களுக்கு வணக்கம். பதில்கூட முக்கியமல்ல. இவற்றை ஆங்கிலத்திலே கேட்டால், என் வழி உனக்கென்ன என்பதுபோல் அவர்கள் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் மழையையும் வெயிலையும் பேசுவார்கள். “லவ்லி டே, இஸின்ற் இற்?” என்றால் வானிலை அறிக்கை கேட்கவில்லை. “நானும் இங்கே நிற்கிறேன், நீங்களும் நிற்கிறீர்கள்” என்பதுதான் செய்தி. “யெஸ், இற் இஸ்” என்றால் போதும்.

நன்றி சொல்வதும் அப்படியே. எங்கள் வீட்டிலே சோறு போட்ட தாய்க்கு “நன்றி” என்று சொன்னால், “என்ன, நான் பிறத்தியோ?” என்று கேட்பார். ஆங்கிலச் சூழலிலே வளர்ந்த பேரப்பிள்ளை ஒவ்வொரு கோப்பைக்கும் “தாங்க் யூ, அம்மம்மா” என்கிறது. அம்மம்மாவுக்கு அது தூரமாகப் படுகிறது. பிள்ளைக்கோ அதுதான் அன்பு. இரு பக்கத்துக்கும் இதை விளங்கப்படுத்துவது எங்கள் வேலை. “தாங்க்” என்ற சொல்லும் நினைத்தல் என்ற பொருளுடைய “திங்க்” என்ற சொல்லும் ஒரே வேரிலே பிறந்தவை. பிள்ளை நன்றி சொல்லும்போது “உங்களை நினைக்கிறேன்” என்று சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விடைபெறுவதிலே இரு மொழியும் ஓரிடத்திலே சந்திக்கின்றன. நாங்கள் “போறன்” என்று சொல்ல மாட்டோம். “போயிற்று வாறன்” என்போம். ஆங்கிலத்திலே “குட்பை” என்பது “கடவுள் உம்மோடிருப்பாராக” என்ற வாழ்த்து சுருங்கி வந்தது. ஒருவர் திரும்பி வருவேன் என்கிறார். மற்றவர் நலமாகப் போய்வா என்கிறார். எங்கள் பிள்ளை ஆங்கிலத்திலே “ஐ வில் கோ அன்ட் கம்” என்று சொன்னால் நான் சிவப்பு மையால் வெட்ட மாட்டேன். இலங்கை ஆங்கிலத்திலே அதற்கும் ஓர் இடமுண்டு. லண்டனிலே “ஸீ யூ லேற்றர்” என்று சொல்லலாம் என்று பக்கத்திலே எழுதிவிடுவேன்.

இறுதியாக, இவையெல்லாம் எப்படிப் பழகும்? புத்தகத்தாலே பழகாது. நான் இப்போது பேசியதாலும் பழகாது. கதைத்தால்தான் பழகும். கதைப்பதற்கு ஆள் வேண்டும். சிரிக்காத ஆள் வேண்டும். கிராமத்திலிருந்து வரும் எங்கள் மாணவிக்கு வீட்டிலே ஆங்கிலம் கதைக்க ஒருவரும் இல்லை. ரியூட்டறியிலே நூறு பேருக்கு நடுவிலே வாய் திறக்க வழியில்லை. ஆனால் இந்தச் சங்கத்தின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும், லண்டனிலும், மெல்பேணிலும், கொழும்பிலும் இருக்கிறீர்கள். எங்கள் பிள்ளைக்கு இல்லாத அந்த ஆள் நீங்கள்தான்.

ஆகவே அன்புச் சகோதரிகளே, நான் ஒரு உதவி கேக்கலாமெண்டு வந்தனான். காசு கேட்க வரவில்லை. கட்டடங்களுக்கு நீங்கள் தாராளமாகத் தந்திருக்கிறீர்கள். கிழமைக்கு அரை மணித்தியாலம் தருவீங்களோ? ஒவ்வொருவரும் இரண்டு மாணவிகளோடு, பாடசாலையின் அனுமதியோடும் பெற்றோரின் சம்மதத்தோடும், தொலைபேசியிலே கதையுங்கள். பாடம் நடத்த வேண்டாம். இன்று மழையா என்று கேளுங்கள். என்ன சமையல் என்று கேளுங்கள். அவள் உங்களிடம் ஒன்றைக் கேட்கட்டும். நீங்கள் அவளிடம் ஒன்றைக் கேளுங்கள். ஒரு தரம் அவள் உங்களை மறுக்கவும் பழகட்டும். வசனத்தின் நடுவிலே திருத்தாதீர்கள். முடியும்வரை கேட்டுவிட்டு, சரியான வசனத்தை உங்கள் வாயாலே ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கள். அவள் அதைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வருடம் இப்படிச் செய்தால், ஆங்கிலம் அவளுக்கு வாளாக இராது. அயல்வீட்டு வாசலாக இருக்கும்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒரு சொல். பிழைவிடும் என்று பயந்து வாயை மூடாதீர்கள். “குட் யூ” என்று தொடங்குங்கள். மிச்சத்தை அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். கேட்கிற பிள்ளைக்குத்தான் கிடைக்கும்.